மேலிருந்து வந்த கயிறு

கையில் கயிறு வந்தால் கட்டு. புதிதாக மீன்பிடிப் போட்டில் ஏறும் எவனுக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். எவன் எறிந்தான், எதற்கு எறிந்தான் என்று நின்று யோசிக்காதே. முதலில் பிடி, கட்டு, பிறகு கேள். உங்களில் பலர் இதற்காக என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது தெரியாமல்தான் ஒரு நாள் நாங்கள் ஒரு ஹெலிகாப்டரையும் அதிலிருந்த நான்கு பேரையும் கடலுக்குள் இழுக்கப் பார்த்தோம். அந்த நான்கு பேரும் எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள்.

நான் ஆறாம் வகுப்பு முடிக்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் வலை இழுத்தேன், மங்களூரில் ஐஸ் உடைத்தேன், குஜராத்தில் விசைப்படகில் சோறு பொங்கினேன். கடைசியில் வளைகுடாவில் அரபி முதலாளிகளின் போட்டுகளை ஓட்டினேன். ஒரு துறைமுகத்திலும் நிலைத்து இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது.

குஜராத்தில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஸ்ராங்கு ஒருவர் இருந்தார். போட்டை ஓட்டுகிறவரை நாம் ஸ்ராங்கு என்போமே, அப்படி. பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் சோறு தின்னும்போதுதான் அவர் கயிறு எறிவார். கையில் தட்டு இருக்கும், வாயில் மீன் இருக்கும், தலைக்கு மேல் கயிறு வரும். தட்டைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தவனுக்கு மறுபடி சோறு உண்டு. தட்டைக் காப்பாற்றியவனுக்கு ஏச்சு மட்டும்தான். காற்றுக் கடலில் பக்கத்துப் போட்டிலிருந்து வரும் கயிற்றைக் கட்ட ஒரு நொடி பிந்தினால் இரண்டு போட்டும் மோதி உடையும். அதைக் கண்ணால் கண்ட மனுஷன் அவர்.

அவரிடம் என்னோடு தொழில் பழகியவன் குளச்சல் சூசை. என்னைவிட மூத்தவன். அவன் கைக்குக் கண் தேவையில்லை. தூக்கத்தில் கயிற்றைக் கொடுத்தாலும் கட்டிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பான். பிறகு வளைகுடாவில் நான் ஸ்ராங்கு ஆனபோது அவனை என் போட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். எஞ்சின் பார்க்கக் காதர் வந்தான். அவனும் குளச்சல்காரன்தான். அவன் எஞ்சினோடு பேசுகிற பேச்சில் பாதியைக்கூட எங்களோடு பேசமாட்டான். இவர்களைத் தவிர தூண்டில் வேலைக்கு நம் கரைக்காரர்கள் மூன்று பேர்.

நாங்கள் சூரை மீன் பிடிக்கப் போன கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எந்த நாடு என்று எழுதவில்லை. நம் ஆட்கள் இன்றும் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். அந்தக் கரையிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் சிறு படகுகளில் கடலுக்கு வருவார்கள். மீன் போட்டைப் பிடித்துக்கொண்டு, அதை வைத்துப் பெரிய கப்பலைப் பிடிக்கப் போவார்கள். அதனால் அந்த வழியே போகும் சரக்குக் கப்பல்களுக்கு நம் நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று காவல் நின்றது.

வெயில் ஏறிய நேரம். தூண்டில் விட்டு முடித்திருந்தோம். இரண்டு படகுகள் எங்களை நோக்கி வந்தன. சூசை கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

“லேய் ஸ்ராங்கே, அது மீன்காரனுவ இல்ல கேட்டியா. வலையும் இல்ல, ஐஸ் பெட்டியும் இல்ல. ஆளுதான் நெறைய இருக்கு.”

நான் போட்டைத் திருப்பி வேகம் கூட்டினேன். அவர்கள் சுட்டார்கள். தகரத்தில் கல் விழுவதுபோலத்தான் கேட்டது. எஞ்சின் இருமி நின்றது. கீழேயிருந்து காதரின் குரல் வந்தது.

“எஞ்சினுக்கு என்னமோ பட்டுப்போச்சு ஸ்ராங்கே.”

“எஞ்சினுக்கு மட்டும்தானா?”

“எனக்கும்தான்.”

தொடையில் பட்டிருந்தது. மேலே தூக்கி வந்து கிடத்தினோம். சூசை தன் லுங்கியைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். ரத்தம் நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். நான் வயர்லெஸில் கத்தினேன். எங்கே நிற்கிறோம், என்ன நடக்கிறது, ஒருத்தனுக்கு ரத்தம் போகிறது என்று தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். “கேட்டது, வருகிறோம்” என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. அடுத்த சூட்டில் ஆன்டெனா முறிந்து கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை.

அந்தப் படகுகள் நெருங்கியபோது நாங்கள் தூண்டில் கயிறு முழுவதையும் அறுத்துப் பின்னால் விட்டோம். கொக்கியோடு கிடந்த கயிறு முன்னால் வந்த படகின் விசிறியில் போய்ச் சுற்றியது. அதை எடுத்துவிட இன்னொரு படகும் அதன் பக்கத்தில் போய் நின்றது. எங்களுக்குக் கிடைத்த அவகாசம் அது மட்டும்தான். காதரின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

காவல் கப்பலின் ஹெலிகாப்டர் வந்த வேகத்திலேயே எங்களைத் தாண்டிப் போய் அந்தப் படகுகளுக்கு முன்னால் தண்ணீரில் சுட்டது. அவர்கள் விலகி ஓடினார்கள். பிறகு திரும்பி வந்து எங்கள் தலைக்கு மேல் நின்றது. ஒரு விஷயம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த ஹெலிகாப்டரில் துப்பாக்கியும் ஆள் தூக்கும் வயரும் ஒரே வாசலில் இருந்தன. வயர் இறங்கினால் துப்பாக்கி வேலை செய்யாது. அதாவது எங்களைத் தூக்க வேண்டுமென்றால் அசையாமல் நிற்கவும் வேண்டும், சுடாமல் இருக்கவும் வேண்டும். எங்களுக்குத் தெரியாவிட்டாலும் தூரத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது. படகுகள் மறுபடி எங்கள் பக்கம் திரும்பின.

நேரம் மிச்சமாகட்டும் என்று ஆள் இறங்காமல் வயரை மட்டும் இறக்கினார்கள். நுனியில் ஒரு கொக்கி, ஒரு பெல்ட். காதரைப் பெல்ட்டில் மாட்டிவிட்டால் போதும். எங்களுக்கும் அது புரிந்துதான் இருந்தது. நானும் மற்றவர்களும் காதரைத் தூக்கப் பின்பக்கம் போனோம். சூசை முன்பக்கம் ஓடினான். வயர் தண்ணீரைத் தொட்டு எழும்பி, காற்றில் ஆடி அவன் கைக்கு வந்தது.

கைக்கு வந்ததும் கட்டிவிட்டான்.

அவன் யோசித்துச் செய்த காரியம் இல்லை. கயிறு கட்டும் இரும்புக் குத்தியில் இரண்டு சுற்று, கொக்கியைத் திருப்பி அந்த வயரிலேயே ஒரு மாட்டு. எங்கள் ஸ்ராங்கு பார்த்திருந்தால் இரண்டு தட்டுச் சோறு போட்டிருப்பார். அப்படி ஒரு கட்டு. நான் திரும்பிப் பார்த்தபோது ஆகாயத்தில் நிற்கும் ஒரு ஹெலிகாப்டரைக் கடலில் கிடக்கும் எங்கள் போட்டோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது.

போட்டு அலையிலிருந்து கீழே இறங்கியது. வயர் முறுகி விறைத்தது. ஹெலிகாப்டரை யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விசிறியின் சத்தமே மாறிப்போனது.

மக்கா, அந்த வாசலில் ஒரு மனுஷன் முழங்காலிட்டு இருந்தான். வயரை இறக்குவதும் ஏற்றுவதும் அவன் வேலை. அவன் பெருவிரலுக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் வயர் அறுந்துவிடும். இப்படி எங்காவது மாட்டிக்கொண்டால் அமுக்கத்தான் அந்தப் பட்டனையே வைத்திருக்கிறார்கள். அமுக்கியிருந்தால் யாரும் ஒரு சொல் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவன் அமுக்கவில்லை. வயரைத் தளர்த்தி விட்டான். ஓட்டியவரோ மேலே இழுக்கவில்லை, எங்களோடு கீழே இறங்கினார். போட்டு இறங்கினால் அவரும் இறங்கினார், போட்டு ஏறினால் அவரும் ஏறினார். ஒரு போட்டோடு இன்னொரு போட்டைச் சேர்த்து ஓட்டும் வித்தை நமக்குத் தெரியும். ஆகாயத்தில் இருந்துகொண்டு அலையோடு சேர்த்து ஓட்டுகிறவனை நான் அன்றுதான் கண்டேன். என் வாழ்நாளில் பிறகு காணவில்லை.

முறுகி நிற்கும் கட்டை யாராலும் அவிழ்க்க முடியாது, உங்களுக்கே தெரியும். சூசை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அப்போதுதான் அவனுக்குத் தான் செய்தது விளங்கியது. “ஆண்டவரே” என்று ஒரு சத்தம் போட்டான். வாசலில் இருந்தவன் ஏசவில்லை, கையை ஆட்டிப் பதறவும் இல்லை. தன் நெஞ்சில் இருந்த வாரை எல்லோரும் பார்க்கும்படி பிடித்து, மெதுவாக மாட்டினான், மெதுவாகக் கழற்றினான். மறுபடி மாட்டினான், கழற்றினான். சிறு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லித்தருவதுபோல. அந்த நேரத்தில் படகுகளிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டரின் வயிற்றில் குண்டு பட்டுத் தகடு பிய்வதை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

அவிழ்க்க வயர் இன்னும் தளர வேண்டும். அதற்காக ஹெலிகாப்டர் இன்னும் இறங்கியது. சக்கரம் எங்கள் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வந்தது. கடல் தண்ணீர் எழும்பி மழைபோல முகத்தில் அடித்தது. ஒரு பெரிய அலை வந்திருந்தால் கொடிமரம் அதன் வயிற்றில் குத்தியிருக்கும். குண்டுக்குப் பயந்து மேலே போகவேண்டியவர் எங்கள் கட்டை அவிழ்க்கக் கீழே வந்தார்.

வயர் தொய்ந்தது. சூசை கொக்கியைக் கழற்றினான், சுற்றை எடுத்தான், கையை விட்டான். விட்ட கைகள் இரண்டையும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெலிகாப்டர் மேலே எழும்பியது. இப்போது வாசலில் துப்பாக்கி வந்தது. அது சுட்டதும் படகுகள் மறுபடி விலகின.

இவர்களிடம் வெறும் வயரைக் கொடுக்கக் கூடாது என்று மேலே முடிவு செய்திருப்பார்கள். அடுத்த முறை வயரோடு ஒரு ஆள் இறங்கினான். ஆரஞ்சு உடுப்புப் போட்ட, கடலில் குதித்து ஆள் மீட்கும் டைவர், முழுக்க மீசைகூட முளைக்காத முகம். இறங்கியதும் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காதரின் தொடையில் ஒரு பட்டையைக் கட்டி முறுக்கினான். ரத்தம் நின்றது. காதரைப் பெல்ட்டில் மாட்டினான். காதர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“ஸ்ராங்கே, எஞ்சினை எவனும் தொடாண்டாம். நான் வந்து பாக்கேன்.”

காதரோடு டைவரும் ஏறவேண்டும். அதுதான் முறை. அவன் தன் வாரை வயரிலிருந்து கழற்றிவிட்டு, மேலே பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். காதர் மட்டும் மேலே போனான். வாசலில் இருந்தவன் அவனை உள்ளே இழுத்தான். ஹெலிகாப்டர் திரும்பிக் கப்பலைப் பார்த்துப் போய்விட்டது. அடிபட்ட ஹெலிகாப்டர், அடிபட்ட மனுஷன், குறைந்துபோன எண்ணெய். அதற்கு மேல் அவர்களால் நிற்க முடியாது.

“நீங்க போகல்லியா சாரே?” என்று கேட்டேன்.

“நான் போனா அவங்க ஏறிடுவாங்க” என்றான் ஹிந்தியில். “போட்டுல பட்டாளத்து ஆள் இருக்கான்னு தெரிஞ்சா யோசிப்பாங்க.”

“துப்பாக்கி இருக்கா?”

இடுப்பைக் காட்டினான். கயிறு அறுக்கும் சிறு கத்தி ஒன்று இருந்தது.

நான் போட்டு ஓட்டும் வீல்ஹவுஸ் கூரைமேல் ஏறி, தூரத்தில் நின்ற படகுகளுக்குத் தெரியும்படி நிமிர்ந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் குனிந்து ஓங்கரித்தான். எஞ்சின் நின்ற போட்டு எப்படிப் புரளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீந்துகிறவனுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. பனிமலைப் பக்கத்து ஊர்க்காரனாம். வேலையில் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்த்தானாம். குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தான். நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். கால் நிற்கவில்லை.

“கொஞ்சம் இருங்க சாரே” என்றேன்.

“உக்காந்தா போச்சு. நான் நிக்கணும்.”

சூசை அதுவரை கீழே உட்கார்ந்திருந்தான். கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். இப்போது எழுந்து ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டான்.

“சாரே, உங்களக் கொடிமரத்துல கட்டட்டுமா?”

டைவர் வாயைத் துடைத்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“உனக்கு வேற வேலையே தெரியாதா?”

“தெரியாது சாரே.”

கட்டினான். இடுப்பிலும் நெஞ்சிலும் சுற்றி, கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கொடிமரத்தோடு சேர்த்துக் கட்டினான். ஆனால் இந்த முறை ஒரே இழுப்பில் அவிழும் கட்டு. அவிழ்க்கும் நுனியை டைவரின் கையிலேயே கொடுத்தான். “வேண்டாம்னா ஒரு இழு. ஒடனே விட்டுரும்” என்றான். பிறகு கூரைமேலேயே படுத்துக்கொண்டு அவன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான்.

அந்தப் படகுகள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. நெருங்கும், நிற்கும், விலகும். அவர்கள் பார்த்ததெல்லாம் நடுக்கடலில் அசையாமல் நிமிர்ந்து நின்ற ஓர் ஆரஞ்சு உடுப்பு. உள்ளே இன்னும் எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கட்டு இல்லாவிட்டால் அவன் கீழே கிடந்திருப்பான். ஒருமுறை ஒரு படகு முகம் தெரியும் தூரத்துக்கு வந்தது. டைவரின் வாயோரம் வாந்தி வழிந்துகொண்டிருந்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. அந்தப் படகில் இருந்தவன் துப்பாக்கியைத் தூக்கினான், பார்த்தான், இறக்கினான்.

அவன் காலடியில் படுத்திருந்த சூசை கேட்டான், “ஸ்ராங்கே, போயிற்றானுவளா?”

“இல்ல.”

“இந்தச் சாரு என் தலையிலதான் வாந்தி எடுக்குதாரு.”

“எடுக்கட்டும். அசையாத.”

ஹெலிகாப்டர் திரும்பி வந்தது. இந்த முறை அதன் பின்னால், கடல் விளிம்பில் கப்பலும் தெரிந்தது. படகுகள் கரையைப் பார்த்து ஓடின. டைவர் கையில் இருந்த நுனியை இழுத்தான். கட்டு ஒரே இழுப்பில் விட்டது. அவன் அப்படியே சூசையின் மேல் சரிந்தான்.

கப்பலில் எங்களுக்குத் தேநீர் தந்தார்கள். ஹெலிகாப்டரை ஓட்டியவரை அங்கேதான் பார்த்தேன். மெலிந்த மனுஷன், நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடம். “வயரைக் கட்டினது யார்?” என்று கேட்டார். சூசை எழுந்து நின்றான்.

“நல்ல கட்டு” என்றார் அவர். “நான் இழுத்துப் பார்த்தேன். வரல.”

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சூசை மட்டும் சிரிக்கவில்லை. நான் கேட்டேன், “ஏன் சாரே அறுக்கல்ல?”

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார். “எங்ககிட்ட இருந்தது ஒரு வயர். அதை அறுத்துட்டு உங்க ஆளை எதுல தூக்குறது?”

சொல்லிவிட்டுப் போய், ஹெலிகாப்டரில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் குண்டு துளைத்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் முழங்காலிட்டு இருந்தவன் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் கையில் இருந்த தேநீர் ஆடிச் சிந்திக்கொண்டே இருந்தது. பட்டனுக்கு மேல் வைத்திருந்த அந்தப் பெருவிரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. சூசை எழுந்து போய் அந்தக் கையைக் கோப்பையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் குடித்து முடிக்கும்வரை விடவில்லை.

காதர் பிழைத்தான். கருங்கல் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறான். ஒரு கால் இழுக்கும். நீங்கள் போனால் பழைய கதை கேட்காதீர்கள், அவன் அந்த எஞ்சினைப் பற்றி மட்டும்தான் பேசுவான்.

இனி உங்களுக்குச் சொல்லவேண்டியது. மேலிருந்து வயர் வந்தால் கட்டாதே. முதலில் அது தண்ணீரையோ போட்டின் தளத்தையோ தொடட்டும், அதற்கு முன்னால் நீ தொட்டால் விசிறி சுற்றிச் சேர்த்த மின்சாரம் அடிக்கும். பிறகு பிடி, மனுஷனை மாட்டு, கையை விடு. உன் கையை நீ நம்பாதே, அது பழக்கத்தைத்தான் செய்யும். நான் பழக்கிய கைகள்தானே அவை, எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் சோறு தின்னும்போது சில நாள் பின்னால் இருந்தும் சில நாள் கூரைமேலிருந்தும் கயிறு போடுகிறேன். பின்னால் இருந்து வருவதைக் கட்டு. மேலே இருந்து வருவதைக் கட்டாதே. எதற்கு இந்தக் கிறுக்கு என்று சிரிக்கிறீர்கள். இதற்குத்தான்.

சூசை இப்போது கடலுக்குப் போவதில்லை. குளச்சலில் கிழிந்த வலை பொத்துகிறான். சில நாள் கரையை ஒட்டிக் காவல் ஹெலிகாப்டர் பறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கையில் என்ன இருந்தாலும் கீழே போட்டுவிடுவான். வலை, ஊசி, தேநீர், எதுவானாலும் சரி. எழுந்து நின்று, வெறும் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருப்பான். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சத்தம் கடல்பக்கம் போய்த் தேய்ந்து மறையும்வரை அவன் கையை இறக்கமாட்டான்.